பாட்டிலை வாசித்த பி.ஏ.

ஐயா, உடம்புக்கு இங்கே எல்லோரும் சுகம். மனசுக்கும் அப்படித்தான் என்று எழுதிவிட்டால் கடிதம் லேசாகப் போய்விடும். ஆனால் உன் பெரியப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேசி இன்றோடு ஆறு நாள் ஆகிறது. தப்பு என் பேரில்தான். வேலைக்காக நீ கோயம்புத்தூர் பஸ் ஏறிய மறுநாளே இதை எழுத உட்கார்ந்தேன். அவரிடம் சொல்லாததை உனக்கு முதலில் சொல்வது முறையில்லை என்று தோன்றியதால் பேனாவை மூடி வைத்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லிவிட்டேன். நம் பருத்தி கருகிய வருஷம் உனக்கு நினைவிருக்கும், அப்போது உனக்கு ஒன்பது வயது. உரக்கடை வேலாயுதம் அண்ணாச்சி விற்ற கலப்பட மருந்தால் கருகியது என்றுதான் நீ கேட்டு வளர்ந்திருக்கிறாய். அந்த மருந்தில் ஒரு கலப்படமும் இல்லை. கருக்கியது நான்.

இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்கு இது என்று நீ கேட்பாய். அதற்கு இரண்டு காரணம், இரண்டும் நீதான். மதுரையில் அந்த இன்சூரன்ஸ் ஆபீஸ் இன்டர்வியூ முடித்து வந்த அன்று சட்டையைக்கூடக் கழற்றாமல் நீ பொரிந்து தள்ளினாயே, ஞாபகம் இருக்கிறதா? "கெமிஸ்ட்ரியில ஒரு கேள்வி கேக்கலப்பா. ஒரு தாளக் குடுத்து, இத ஒங்க ஊரு ஆளு ஒருத்தருக்குப் புரியுத மாதிரிச் சொல்லுன்னு சொல்லுதான். இன்னொருத்தன், இதுல ஒனக்கு எது புரியலன்னு கேக்கான். இதெல்லாம் சிலபஸ்லயா இருக்கு?" என்றாய். உன் அம்மா உன் பக்கம் சேர்ந்துகொண்டு அவர்களை நாலு வார்த்தை சொன்னாள். நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அந்த இரண்டாவது கேள்வி என்னைக் கேட்டது போலவே இருந்தது. 'இதில் உனக்கு எது புரியவில்லை?' என் காலேஜில் மூன்று வருஷமும் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. புரிந்தது போல எழுதத்தான் கேட்டார்கள், நானும் எழுதினேன், பாஸானேன்.

இரண்டாவது, நீ புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு நடந்தது. அடுத்த வீட்டு மாரியப்பன் தன் குழந்தைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்தான். நீ ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தாய். தலையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "காலைல அர மாத்திர, ராத்திரி அர மாத்திர, அம்புட்டுத்தான்" என்றாய். அவன் கும்பிடாத குறையாகப் போனான். நான் பனியனோடு அவன் பின்னால் ஓடி, மருந்துக்கடை வரை கூட்டிப்போய், கம்பவுண்டரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நீ சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பி வந்து உன்னிடம், "நெசமாவே வாசிச்சியா, இல்ல குத்துமதிப்பாச் சொன்னியா?" என்று கேட்டேன். "எல்லாச் சீட்டும் அப்படித்தாம்ப்பா இருக்கும்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு என் சிரிப்பு. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது.

நான் பி.ஏ. முடித்து வந்தபோது பனவடலிசத்திரம் பக்கத்தில் நம் ஊரில் வேறு பட்டதாரி கிடையாது. என் பெயரே போய்விட்டது. "பீயே வந்தாச்சா?", "பீயே வீட்டுல சோறு ஆக்கியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். தந்தி வந்தால் என்னிடம் வரும், கோர்ட் நோட்டீஸ் வந்தால் என்னிடம் வரும், ரேடியோ பாடாவிட்டால் அதையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். மொகலாயர் ஆட்சியைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியவனுக்கு ரேடியோ ரிப்பேர் தெரியாமலா இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நானும் அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவேன். சில நேரம் பாடிவிடும். பாடியதும் ஊர் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அது ஒரு போதை ஐயா. 'எனக்குத் தெரியாது' என்ற இரண்டு வார்த்தை என் வாயிலிருந்து வராமல் போனதற்கு அந்தப் பார்வைதான் காரணம். பெரியப்பா ஐந்தாம் வகுப்போடு நின்று, ஏர் பிடித்து, என்னைப் பாளையங்கோட்டைக் காலேஜுக்கு அனுப்பினார். அவர் முன்னால் தெரியாது என்று சொன்னால் அவர் ஏர் பிடித்தது வீண் என்று ஆகிவிடும் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேலை பார்க்கிற சங்கரன்கோவிலிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். மூன்று ஏக்கர் பருத்தி, செடி இடுப்பு உயரம், காய் பிடிக்கிற நேரம், புழு விழுந்துவிட்டது. பெரியப்பா வேலாயுதம் அண்ணாச்சி கடையில் புதிதாக வந்த மருந்து ஒரு பாட்டில் வாங்கி வைத்திருந்தார். அதில் எழுதியிருந்தது முழுக்க இங்கிலீஷ். கடைக்காரர் அளவு சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். ஆனாலும் தம்பி வாசித்துச் சொல்லட்டும் என்று பெரியப்பா எனக்காகக் காத்திருந்தார். நான் பாட்டிலை வெயிலில் பிடித்துத் திருப்பினேன். ஒரு ஹெக்டேருக்கு ஒரு பாட்டில் என்று இருந்தது. பெரியப்பா நிலத்தைக் குறுக்கம் கணக்கில் சொல்வார், பத்திரத்தில் ஏக்கர் என்று இருக்கும், இந்த ஹெக்டேர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. ஏக்கரும் ஹெக்டேரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும் என்று நானே தீர்மானித்தேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்று இருந்ததை நான் படிக்கவே இல்லை. "ஏக்கருக்கு ஒண்ணு, மூணு பாட்டில் வேணும்ணே" என்றேன். தண்ணீருக்கும் என் வாய்க்கு வந்த ஒரு கணக்கைச் சொன்னேன்.

பெரியப்பா சைக்கிளில் போய் இன்னும் இரண்டு பாட்டில் கேட்டபோது வேலாயுதம் அண்ணாச்சி தயங்கியிருக்கிறார். "மூணு ஏக்கருக்கு ஒண்ணே கால் பாட்டில் காணும் வே. மூணு எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். "எந்தம்பி பி.ஏ. படிச்சவன், அவனே வாசிச்சுச் சொல்லிட்டான்" என்று பெரியப்பா சொல்லவும், அவர் எட்டாவது படித்தவர், வாயை மூடிக்கொண்டார். இந்தப் பேச்சைப் பெரியப்பா சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொன்னார், என் காதில் விழுந்தது. அப்போதாவது பாட்டிலை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்திருக்கலாம். 'அவர் ஏன் அப்படிச் சொன்னார்?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

கேள்வி கேட்ட ஆள் ஒருத்தி இருந்தாள். மருந்தடிக்கிற பம்புக்குத் தண்ணீர் சுமந்த ஆவுடை. அவளுக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது, ஆனால் வாய் சும்மா இருக்காது. மருந்து கலந்த வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "ஏ அண்ணாச்சி, வாடையே கண்ண எரிக்கே. இன்னைக்கு ஒத்த வரிசைக்கு மட்டும் அடிச்சுப் பாப்பமா? நாளைக்குச் செடி என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு மத்ததுக்கு அடிக்கலாம்லா. சோறு வெந்துச்சான்னு ஒரு பருக்கயத்தான நசுக்கிப் பாக்கோம்?" என்றாள். பம்பு பிடித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "தெரியாதுய்யா. அதனாலதான கேக்கேன்" என்றாள். "தெரிஞ்சவங்க சொன்னதச் செய்யி" என்று அதட்டினேன். மூன்று ஏக்கரும் அன்று பொழுது சாய்வதற்குள் அடித்து முடித்தோம்.

இரண்டாம் நாள் இலை ஓரம் சிவந்து, நாலாம் நாள் தீயில் வாட்டினது போலச் சுருண்டு, பிஞ்சுக்காய் எல்லாம் உதிர்ந்தது. ஆள் அனுப்பியிருந்தார்கள், ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு ஓடினேன். வரப்பில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். பெரியப்பா ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அழவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். காரணம் சொல்ல வேண்டியவன் பி.ஏ. அல்லவா? "மருந்துல ஏதோ கலப்படம் இருக்கு" என்றேன். அந்த நிமிஷம் நான் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எதை வைத்து நினைத்தேன்? காலிப் பாட்டில் மூன்றும் என் கால் பக்கத்திலேயே கிடந்தன, குனிந்து எடுக்கவில்லை. தெரிந்ததற்கும் தோன்றியதற்கும் வித்தியாசம் தெரியாதவனுக்குப் பட்டம் கொடுத்தது யார் என்று சில சமயம் யோசிப்பேன். அந்த வருஷம் பருத்தி எடுக்கிற வேலை ஆவுடைக்கு இல்லாமல் போனது.

பெரியப்பாவும் வேலாயுதம் அண்ணாச்சியும் ஒன்றாக மாடு மேய்த்தவர்கள். அன்று சாயங்காலமே பெரியப்பா அவர் கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கக் கத்திவிட்டு வந்தார். "ஒண்ணே கால் பாட்டில் போதும்னு அன்னைக்கே சொன்னேனே வே" என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். எட்டாவது படித்தவன் பி.ஏ.வுக்குப் பாடம் நடத்த வந்துவிட்டான் என்று கூட்டம் சிரித்ததாம். பிறகு அவர் கடைக்கு ஒருவரும் போகவில்லை. ஊர் வாயை மூட உலை மூடி உண்டா? அடுத்த ஆடித்தபசுத் திருவிழா வருவதற்குள் கடையை அடைத்துவிட்டு, மனைவியின் ஊரான புளியங்குடிக்குப் போய் எலுமிச்சை மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

இனி சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. பருத்தி கருகி ஒரு மாதத்தில், ஆபீஸில் என் மேஜைக்கு ஒரு சர்க்குலர் வந்தது. நில அளவுகளை இனி ஹெக்டேரில் எழுத வேண்டும், ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் என்று முதல் வரியிலேயே இருந்தது. அந்த வரியை விரல் வைத்து மூன்று தடவை படித்தேன். அப்போது வேலாயுதம் அண்ணாச்சி கடையை இன்னும் அடைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்து அவர் கடைக்குப் போனேன். ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க, என்ன வேணும்?" என்றார். தொண்டை வரை வந்தது. "கீரை விதை இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். பொட்டலம் கட்டிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கீரையை உன் அம்மா புறவாசலில் தூவி இரண்டு மாதம் கடைந்து போட்டாள். நன்றாக முளைத்த விதை. நீயும் சாப்பிட்டாய்.

தெரியாமல் செய்தது ஒரு நாள் தப்பு, ஐயா. தெரிந்தபின் சும்மா இருந்தது பன்னிரண்டு வருஷத் தப்பு. முதலாவதை யாரும் மன்னிப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. இரண்டாவதை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கே வாய் வரவில்லை. நீ உட்காரப்போகிற மேஜைக்கு முன்னால் என்னைப் போலவும் பெரியப்பாவைப் போலவும் ஆட்கள் தாளோடு வந்து நிற்பார்கள். நீ டிகிரி படித்தவன் என்பதால் நீ சொல்வதை அவர்கள் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அவர்கள் கேட்காத கேள்வியையும் நீயே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். தாளை அடிவரை படி, பொடி எழுத்தைக் கூடுதலாகப் படி. புரியவில்லை என்றால் பக்கத்து மேஜைக்காரரிடம் கேள், அவர் உன்னைவிடக் குறைவாகப் படித்தவராக இருந்தாலும் கேள். அந்த இன்டர்வியூவில் கேட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. உன் கெமிஸ்ட்ரி உன் மார்க் ஷீட்டில் இருக்கிறது. அவர்கள் தேடியது வேறு, அது என்னிடம் இல்லாதது. இதையெல்லாம் புத்திமதியாகச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றுகிறது. சூடு கண்ட பூனை சொல்கிறது என்று வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முழுவதும் சொல்லி முடிக்கிற வரை திரும்பவில்லை. எனக்காக வருத்தப்படுவார், அல்லது அடிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. "நான் அவன அன்னைக்குக் கட வாசல்ல வச்சு என்ன சொன்னேன் தெரியுமால? 'ஒம் பிள்ளைக்கும் இந்த மருந்தக் கலக்கிக் குடு'ன்னு சொன்னேன். அவன் பிள்ள அங்கனதான் நின்னுச்சி" என்றார். எனக்கு அந்த வார்த்தை இந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார், மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "புளியங்குடிக்குப் போறேன். நீ வர வேண்டாம். நீ செஞ்சத எழுதிக் குடு. நான் வாயால சொன்னா அவன் நம்ப மாட்டான், தம்பிக்காகப் பேசுதேன்னு நெனப்பான். படிச்சவன்லா நீ, எழுது."

மறுநாள் லீவு போட்டேன். ஒரு பக்கம்கூட இல்லாத அந்தத் தாளை எழுத எனக்குக் காலை ஆறு மணியிலிருந்து மதியச் சாப்பாடு வரை ஆனது. முதலில் எழுதியது மூன்று பக்கம். அதில் அந்தக் காலத்தில் ஹெக்டேர் புதிதாக வந்தது, பாட்டிலில் தமிழ் இல்லை, எனக்கு அப்போது பிரமோஷன் நேரம் என்று எல்லாம் இருந்தது, நான் மட்டும் இல்லை. கிழித்தேன். இரண்டாவதில் விதியைக் கூப்பிட்டிருந்தேன், அதையும் கிழித்தேன். உன் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒங்க மேல தப்புன்னு எழுத இம்புட்டுத் தாளா?" என்று கேட்டாள். ஆபீஸில் இருபது வருஷமாக எத்தனையோ குறிப்பு எழுதியிருக்கிறேன். நான் செய்ததை, நான் செய்தேன் என்று எழுதியது இதுதான் முதல் தடவை.

அந்தத் தாளோடு வியாழக்கிழமை காலை புளியங்குடி பஸ்ஸில் போன பெரியப்பா மாலையில் நம் வீட்டுக்குத் திரும்பினார். நேராக அடுப்படிக்குப் போய் உன் அம்மாவிடம் சொல்வது போல எனக்குச் சொன்னார். "அவன் ரெண்டு தடவ வாசிச்சான், தாயி. நான் கையப் பிடிச்சேன், அவன் உருவல, திருப்பிப் பிடிக்கவும் இல்ல. பெறவு, 'இத நான் வச்சுக்கிடட்டா? எம் பிள்ளைகளுக்குக் காட்டணும்'னு கேட்டான். வச்சுக்கன்னு குடுத்துட்டு வந்துட்டேன்." காபியைக் குடிக்காமல் போய்விட்டார்.

வேலாயுதம் அண்ணாச்சிக்குப் பிள்ளைகள் மூன்று பேர், மூத்தவளுக்கு உன் வயது. பன்னிரண்டு வருஷமாக அவர்கள் கேட்டது ஒன்று, நீ கேட்டது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். இதற்குள் அவர்களுக்கு வாசித்துக் காட்டியிருப்பார். என் பிள்ளைக்கு நான்தான் காட்ட வேண்டும். அந்தத் தாளை ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன், ஒரு சொல்லும் மாறியிருக்காது.

"வேலாயுதம் அண்ணாச்சிக்கு. பாட்டிலில் ஹெக்டேர் என்று இருந்ததை நான் ஏக்கர் என்று எடுத்துக்கொண்டேன். தண்ணீர் அளவை நான் படிக்கவில்லை. என் அண்ணனிடம் நீங்கள் சொன்ன அளவுதான் சரி. கலப்படம் என்று முதலில் சொன்னவன் நான், அது தப்பு என்று ஒரு மாதத்தில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தவனும் நான். உங்கள் கடையில் நீங்கள் விற்றது நல்ல மருந்து."